இரண்டு சிவப்புத் தடங்கள்: சுற்றுப்பலகை மென்பொருளின் திரை நிறங்களை மாற்றியமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை அநுராதபுரச் சந்திக்கு அண்மையில், ஒரு மாடிக் கட்டடத்தின் கிழக்குப் பக்க அறையில், நான் ஒரு சிறிய மின்னணுப் பயிற்சிப் பட்டறையை நடத்தி வருகிறேன். ஐந்து கணினிகள், பற்றாசு பிடிக்கும் இரண்டு மேசைகள், ஒரு லேசர் பிரின்டர், செப்பு அரிப்பதற்கான பெரிக் குளோரைட்டுக் கரைசலை ஊற்றி வைக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு ஆகியவைதான் அதன் சொத்து. இங்கு பயிலும் இளைஞர்களின் கைக்கு வரும் வேலைகளில் பெரும்பங்கு கடற்றொழிலோடு தொடர்புடையது. இரவில் வெளிச்சம் வைத்துக் கணவாய் பிடிப்பவர்கள் வள்ளத்திலுள்ள 12 வோல்ட் பற்றரியிலேயே விளக்கையும் எரிப்பதால், விடியும் வேளையில் பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. ஈய அமிலப் பற்றரியை அவ்வாறு வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது விளக்கைத் தானாகவே துண்டிக்கும் ஒரு சிறு பலகையைப் பத்துப் பிரதிகள் செய்து தருமாறு கேட்டிருந்தார்கள். இந்த ஆய்வு அந்தப் பத்துப் பலகைகளைப் பற்றியது. பலகைகள் வேலை செய்யாமற்போனதற்கான காரணத்தைத் தேடிய நாங்கள் கடைசியில் போய் நின்ற இடம், வடிவமைப்பு மென்பொருளில் நிறங்களைத் தெரிவு செய்யும் பக்கம்.

சுற்று எளிமையானது. எல்எம்393 ஒப்பீட்டுச் சில்லு பற்றரியின் மின்னழுத்தத்தில் ஒரு பங்கை, ரிஎல்431 என்ற இன்னொரு சில்லு தரும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிலையான அழுத்தத்தோடு ஒப்பிடும். பற்றரியில் போதிய மின் இருக்கும்வரை சில்லின் வெளியீடு உயர்ந்து நின்று, மின் ஆளியாக வேலை செய்யும் ஒரு மொஸ்ஃபெட்டின் வாயிலைத் திறந்து வைத்து, விளக்கை எரிய விடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்எம்393இன் வெளியீடு தானாக உயரக்கூடியதன்று. அந்த வெளியீட்டால் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். உயர்த்துவதற்கு 12 வோல்ட்டிலிருந்து ஒரு தடை தேவை. நாங்கள் 10 கிலோ ஓம் தடையொன்றை வைத்திருந்தோம். உதிரிப்பாகங்கள் அனைத்தும் துளை வழியே கால் நுழைப்பவை. பலகையும் ஒரு பக்கம் மட்டும் செப்புள்ள மலிவுப் பலகை. எனவே பாகங்களை இணைக்கும் செப்புக் கோடுகளான தடங்கள் எல்லாம் பின் செப்புப் படையிலேயே, அதாவது பலகையின் அடிப்பக்கத்திலேயே, அமைய வேண்டும் என்பதுதான் வடிவமைத்த மாணவனுக்கு நான் கொடுத்த ஒரே கட்டளை.

அவன் பட்டறையின் மிகக் கவனமான மாணவன். தடைகளின் நிறப் பட்டைகளைப் பார்த்துப் பெறுமானத்தை வாசிக்காமல், ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரில் அளந்த பின்னரே பொருத்துவான். அதை அவனுடைய நேர்த்தி என்று மற்றவர்களிடம் நான் எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். அந்த நேர்த்திக்குள் வேறொன்றும் இருந்தது என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை.

சுற்றுப்பலகை வடிவமைக்கும் கிகேட் மென்பொருளின் 7ஆம் பதிப்பில் அவன் வரைந்து முடித்தான். இணைக்கப்படாத முனைகளைக் காட்டும் மெல்லிய கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வடிவமைப்பை மென்பொருளே சரிபார்க்கும் விதிச் சோதனை ஒரு பிழையும் இல்லை என்றது. பின் படையை மட்டும் பளபளப்புத் தாளில் அச்சிட்டு, ஸ்திரிக்கைப் பெட்டியால் செப்பின்மேல் ஒற்றி, அரித்து, துளையிட்டு, பத்துப் பலகைகளிலும் பாகங்களைப் பொருத்தினோம். பற்றரியை இணைத்தபோது பத்தில் ஒன்றிலும் விளக்கு எரியவில்லை.

பத்தும் ஒரே விதமாக வேலை செய்யாமற்போனதால், பற்றாசு சரியாகப் பிடிக்கவில்லை என்ற ஐயம் உடனே நீங்கியது. சில்லின் முதலாவது கால், அதாவது வெளியீடு, சுழியத்தில் நின்றது. 10 கிலோ ஓம் தடையின் ஒரு முனையில் 12 வோல்ட் இருந்தது. மறுமுனையிலும் அதே 12 வோல்ட் இருந்தது. மின்னோட்டம் பாயாத தடையில்தான் இரு முனைகளும் ஒரே அழுத்தத்தைக் காட்டும் என்பதால், அந்த மறுமுனை எதனோடும் இணைந்திருக்கவில்லை என்பது தெளிவாயிற்று. பலகையைக் கவிழ்த்துப் பார்த்தால், அந்த இடத்தில் தடமே இல்லை. விளக்கு துண்டிக்கும் எல்லையில் மினுங்காமல் இருக்க வைத்திருந்த பின்னூட்டத் தடைக்கும் தடம் இல்லை.

திரையில் கோப்பைத் திறந்து பார்த்த கணத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கறுப்புப் பின்புலத்தில் பச்சைத் தடங்கள் நிறைந்திருக்க, அவற்றுக்கிடையே இரண்டு தடங்கள் சிவப்பாக இருந்தன. அதாவது அவை முன் செப்புப் படையில் வரையப்பட்டிருந்தன. துளைப் பாகங்களின் கால்கள் இரு படைகளையும் தொடுவதால், முன் படையில் ஓடும் தடமும் மின்னியல் நோக்கில் சரியான இணைப்பே. விதிச் சோதனை மௌனமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். பின் படையை மட்டும் அச்சிட்டபோது அந்த இரண்டும் தாளில் விழவில்லை. மாணவன் மடிக்கணினியில் வேலை செய்தவன்; அதில் அம்புக்குறி விசைகளை ஒட்டியே பேஜ் அப் விசை இருக்கிறது. அந்த விசை நடப்புப் படையை முன் செப்புக்கு மாற்றிவிடும். விரல் தவறியிருக்கலாம்.

“இந்த இரண்டும் சிவப்பாக இருப்பதைக் கவனிக்கவில்லையா?” என்று கேட்டேன். “எல்லாம் ஒரே நிறம்தானே, சேர்? அந்த இரண்டும் கொஞ்சம் மங்கலாக இருக்குது, அவ்வளவுதான்” என்றான்.

அறையில் இருந்த எவரும் சிரிக்காமல் இருந்தது எனக்கு இன்றும் ஆறுதலாக இருக்கிறது.

கண் மருத்துவரிடம் நிறப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா தட்டுகளைக் கொண்டு பரிசோதித்தபோது, அவனுக்குச் சிவப்பு உணர்வு குன்றிய நிறக்குருடு இருப்பது உறுதியாயிற்று. சிவப்பையும் பச்சையையும் உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால், இந்தக் குறைபாடு பெரும்பாலும் ஆண்களிடமே வெளிப்படுகிறது. தாய் தன்னிடம் அதன் அறிகுறி ஏதுமில்லாமலே மகனுக்குக் கடத்திவிடுகிறாள். வீட்டில் விசாரித்தபோது அவனுடைய தாய்மாமனுக்கும் அதுவே இருந்தது தெரிய வந்தது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு பச்சைக் குறைபாட்டில் ஏதோவொரு வகை உண்டு. ஆசிய மக்களிடையே இந்த அளவு அதைவிடக் குறைவு. எப்படியிருப்பினும், ஆண்டுதோறும் மாணவர்கள் வந்து போகும் ஒரு பட்டறையில் இது எப்போதாவது நேர்ந்தே தீரும்; அதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

பழியின் பெரும்பங்கு என்னுடையது. கிகேட் 6ஆம் பதிப்பு 2021 திசம்பரில் வெளியானபோது, நிறத் தொகுப்பு என்ற வசதி அதில் சேர்ந்தது. இயல்பான தொகுப்பும் மாறியது. முன் செப்பு சற்று வெளிறிய சிவப்பாகவும், பின் செப்பு நீலமாகவும், பின்புலம் கருநீலமாகவும் ஆயின. பழைய பதிப்புகளில் கண் பழகிய எனக்கு அது ஒட்டவில்லை. எனவே கிளாசிக் என்ற பெயரில் மென்பொருளோடு வரும் பழைய தொகுப்பை ஐந்து கணினிகளிலும் நானே தெரிவு செய்து வைத்திருந்தேன். மென்பொருளை ஆக்கியவர்கள் சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைப்பதைக் கைவிட்டிருந்தார்கள். என் பழக்கம் அதை மீட்டுக்கொண்டு வந்தது.

நிறத்தை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினோம். மாற்றத் தொடங்கிய பின்புதான், நிறம் வேறு, ஒளிர்வு வேறு என்பதை எண்களால் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. கிளாசிக் தொகுப்பில், 0 முதல் 255 வரையான அளவில், முன் செப்பு சிவப்பு 132, பின் செப்பு பச்சை 132. மற்ற எண்கள் சுழியம். இரண்டுக்கும் ஒரே எண் இருப்பதால் சமமானவை போலத் தோன்றும். ஆனால் கறுப்புப் பின்புலத்தோடு ஒப்பிட்டால் பச்சையின் மாறுபாட்டு விகிதம் (இரு நிறங்களின் ஒளிர்வு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 4.3ஆகவும் சிவப்பினுடையது 2க்குச் சற்றுக் குறைவாகவும் வருகின்றன. டபிள்யூசிஏஜி எனப்படும் அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பு, எழுத்தல்லாத வரைகூறுகளுக்கு ஆகக் குறைந்தது 3 வேண்டும் என்கிறது. அது இணையப் பக்கங்களுக்காக எழுதப்பட்டது. ஆயினும் ஒரு மெல்லிய தடத்தைத் தேடும் கண்ணுக்கும் அது பொருந்தாமற் போகாது. இந்த 2 என்ற கணக்கும் நிறக்குறை இல்லாத கண்ணுக்கு உரியது. சிவப்பு உணர்வு குன்றியவருக்குச் சிவப்பு மேலும் இருண்டு தெரியும். “கொஞ்சம் மங்கலாக” என்று அவன் சொன்னது முற்றிலும் துல்லியமான விவரிப்பு.

மின்சுற்று வரைபடத்தை வரையும்போது இந்தச் சிக்கல் ஏன் தலைகாட்டவில்லை என்று கேட்டால், அதற்கும் இதே கணக்குத்தான் விடை. அங்கே குறியீடுகளின் வெளிக்கோட்டுக்கு அதே கருஞ்சிவப்புப் பயன்படுகிறது, ஆனால் பின்புலம் வெள்ளை. வெள்ளையின்மேல் அந்தச் சிவப்பின் விகிதம் 10ஐத் தாண்டுகிறது. மேலும் குறியீடு எது, கம்பி எது என்பதை வடிவமே சொல்லிவிடும். ஓராண்டு முழுவதும் அவன் வரைபடங்களைக் குறையின்றி வரைந்துவந்தது எங்களை ஏமாற்றிவிட்டது.

முதல் முயற்சியாக, கிளாசிக்கை நீக்கி மென்பொருளின் இயல்பான தொகுப்புக்குத் திரும்பினோம். கருநீலப் பின்புலத்தில் முன் செப்பின் விகிதம் 3.6, பின் செப்பினுடையது 4.7. இரு படைகளும் வேறுவேறு என்று மாணவனுக்கு உடனே தெரிந்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம், பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஆனால் முன் படை இன்னும் மங்கலாகவே இருப்பதாக அவன் சொன்னான். எங்கள் பலகைகளில் இருக்கவே கூடாத தடம்தான் முன் படைத் தடம். இருக்கக் கூடாதது மங்கலாகத் தெரிவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவது முயற்சிக்கு, ஜப்பானிய ஆய்வாளர்களான மசத்தகா ஒகாபே, கெய் இதோ ஆகியோர் நிறக்குறை உள்ளவர்களையும் எண்ணித் தொகுத்த எட்டு நிறங்களை எடுத்துக்கொண்டோம். முன் செப்புக்கு அதிலுள்ள செம்மஞ்சளையும் (சிவப்பு 230, பச்சை 159, நீலம் 0), பின் செப்புக்கு வான்நீலத்தையும் (86, 180, 233) கொடுத்தோம். மென்பொருளோடு வரும் தொகுப்புகளில் கை வைக்க முடியாது. பிரிஃபரன்சஸ் சாளரத்தில் பிசிபி எடிட்டரின் கலர்ஸ் பக்கத்துக்குப் போய்ப் புதிய தொகுப்பொன்றை உருவாக்கிப் பெயரிட்ட பிறகே நிறச் சதுரங்களை மாற்ற முடியும். திரையில் இந்த இணை அழகாக இருந்தது. மாணவன் மட்டுமன்றி எல்லோரும் விரும்பினார்கள். மறுநாள் சரிபார்ப்பதற்காக இரு படைகளையும் ஒரே தாளில் அச்சிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் பிரின்டர் கறுப்பு வெள்ளை மட்டும். வெள்ளையின் ஒளிர்வை 1 என்று கொண்டால், அந்தச் செம்மஞ்சளின் ஒளிர்வு 0.42, வான்நீலத்தினுடையது 0.41. தாளில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன. மாணவன் திரையில் கண்ட அதே குழப்பத்தை இப்போது நாங்கள் அனைவரும் தாளில் கண்டோம். நிறத்தை மட்டும் பிரித்து ஒளிர்வைப் பிரிக்காவிட்டால், நிறம் போன இடத்தில் எதுவும் மிஞ்சாது.

ஆகவே பின் செப்புக்கு அதே தொகுப்பின் ஆழ்ந்த நீலத்தை (0, 114, 178) எடுத்தோம். கருநீலப் பின்புலத்தில் செம்மஞ்சளின் விகிதம் 8.5, நீலத்தினுடையது 3.7. இரண்டுக்கும் இடையிலான விகிதம் 2.3தான், 3ஐ எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே நிற வேறுபாடும் அவனுக்கு எஞ்சியிருக்கிறது, ஏனெனில் மஞ்சளையும் நீலத்தையும் பிரிக்கும் ஆற்றலில் அவனுக்குக் குறையில்லை. எது பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒரு வாதமும் நடந்தது. நாள் முழுவதும் உற்றுப் பார்ப்பது பின் படையை என்பதால் அதற்கே பிரகாசத்தைக் கொடுக்க வேண்டும் என்றனர் சிலர். தவறு எங்கே விழுமோ அங்கேதான் வெளிச்சம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு, அதுவே நிலைத்தது.

ஒரு நிறத்தை நகர்த்தினால் அடுத்தது இடிக்கும். பாகங்களின் கால்கள் நுழையும் துளைகளைச் சுற்றியுள்ள செப்புத் திட்டுகளான துளைப் பட்டைகளுக்கு இயல்பாக வைத்திருக்கும் பொன்மஞ்சள் (227, 183, 46) எங்கள் செம்மஞ்சளுக்கு மிக அண்மையில் இருப்பதால், முன் படைத் தடம் பட்டைக்குள் நுழையும் இடத்தில் கரைந்துபோயிற்று. பட்டைகளைச் சாம்பலாக்கினோம். செம்மஞ்சளுக்குப் பதிலாகப் பளிச்சென்ற மஞ்சளை வைக்கலாமா என்று சோதித்தபோது, பாகங்களின் பெயர்களை அச்சிடும் முன் சில்க்ஸ்கிரீன் படையின் வெளிர்மஞ்சளோடு அது கலந்தது, கைவிட்டோம். தொகுப்பில் நாங்கள் இறுதியில் மாற்றியவை ஏழு நிறங்கள். மற்றவற்றை வேண்டுமென்றே தொடவில்லை. எல்லாவற்றையும் மாற்றியிருந்தால், வெளியே வேறோர் இடத்தில் வேலைக்குப் போகும் மாணவன் இயல்பான திரையின்முன் அந்நியனாக நிற்பான்.

அச்சுக்குத் தனித் தொகுப்பு வைத்தோம். வெள்ளைத் தாளின்மேல் செம்மஞ்சளின் விகிதம் 2.3க்கும் குறைவு என்பதால், திரைக்கு உகந்தது தாளுக்கு உதவாது. அச்சிடும் சாளரத்தில் திரைத் தொகுப்பை விட்டு வேறொன்றைத் தெரிவு செய்ய மென்பொருள் இடமளிக்கிறது. இன்னொரு தொல்லை சூரியனால் வந்தது. கிழக்குக் கடலிலிருந்து ஏறும் காலை வெயில் சாளரம் வழியே நேரே திரையில் விழும்போது எந்தக் கரும் பின்புலமும் கண்ணாடியாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாளரத்தைச் சாத்தவும் முடியாது. அதற்கு எந்த நிறத் தொகுப்பிலும் மருந்தில்லை. மேசைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம்.

நிறத் தொகுப்பு என்பது ஜேசன் என்ற வடிவிலுள்ள ஒரு சிறிய உரைக்கோப்பு. அது வடிவமைப்புத் திட்டத்தோடு சேமிக்கப்படுவதில்லை. பயனரின் அமைப்புக் கோப்புறைக்குள் கலர்ஸ் என்ற உறைக்குள் இருக்கும். இதனால் வடிவமைப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் நிறங்கள் கூடச் செல்லா. ஐந்து கணினிகளிலும் அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்து, மென்பொருளை மூடித் திறந்த பின், எல்லாவற்றிலும் ஒரே தோற்றம் கிடைத்தது. பலகை செம்மஞ்சளாக வருமா என்று புதிய மாணவி ஒருத்தி கேட்டாள். வராது. திரை நிறம் திரைக்கு மட்டும் உரியது. தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பில் செப்பின் வடிவம்தான் இருக்கும், நிறம் இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும், நிறத்தை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு அதை மறக்க முடியாது. கடல்வழி அடையாளங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏஎல்ஏ வகுத்த, இலங்கை உட்பட்ட ஏ வலயத்தில், துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப் பக்கத்து மிதவை சிவப்பு, வலப் பக்கத்தது பச்சை. ஆனால் சிவப்பு மிதவை உருளை வடிவிலும் பச்சை மிதவை கூம்பு வடிவிலும் இருக்கும். நிறம் தெரியாத பொழுதிலும் வடிவம் தெரியும். எங்கள் திரையிலும் அத்தகைய இரண்டாவது சான்று தேவைப்பட்டது. கன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால், நடப்பில் இல்லாத படைகள் மங்கும், மீண்டும் அழுத்தினால் மறையும். பின் படையில் நின்று இதைச் செய்தால் முன் படைத் தடம் காணாமற்போய், இணைப்பில் இடைவெளி வெளிப்படும். 6ஆம் பதிப்பு முதல் நாமே எழுதக்கூடிய தனி விதிகளில், முன் செப்பில் தடம் வரக்கூடாது என்று ஒரு விதியையும் சேர்த்தோம். இப்போது அப்படியொரு தடம் இருந்தால் விதிச் சோதனையே பிழை என்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த ஒற்றை விதி முதல் நாளிலேயே இருந்திருந்தால் பத்துப் பலகைகளும் வேலை செய்யாமற்போயிரா; மாணவனின் கண்ணைப் பற்றியும் நாங்கள் அறிந்திருக்க மாட்டோம்.

வேலை செய்யாமற்போன பத்துப் பலகைகளையும் எறியவில்லை. காணாமற்போன இரண்டு தடங்களுக்குப் பதிலாக, மேற்பக்கத்தில் கம்பித் துண்டுகளைப் பற்றாசு பிடித்துக் கொடுத்தோம். அவை வள்ளங்களில் வேலை செய்கின்றன. அடுத்த தொகுதிக்கான அச்சை மாணவன் எடுத்தபோது, பின் படையை அச்சிடுவதற்கு முன் முன் செப்புப் படையைத் தனியாக ஒரு தாளில் அச்சிட்டான். பிரின்டரிலிருந்து வந்த தாளில் பலகையின் எல்லைக்கோடும் துளைப் பட்டைகளும் மட்டும் இருந்தன. அதை என் மேசையில் வைத்து, “தடம் இல்லை, சேர்” என்று சொல்லிவிட்டு, ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கப் போனான்.